தலையசைப்பின் பொருள்

வானொலியில் பேச வருபவனுக்கு ஒரு குறை உண்டு. அவனுக்குக் கை இல்லை, முகமும் இல்லை. மேடையில் நின்று பேசுபவர் ஒரு சொல் கிடைக்காமல் தடுமாறினால், கையை விரித்துக் காட்டி அதை நிறைவு செய்துகொள்வார். கேட்போர் முகம் சுளித்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். எனக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் நான் சொல்வதை ஏற்றுக்கொள்கிறீர்களா, கொட்டாவி விடுகிறீர்களா என்பதை நான் காண இயலாது.

ஆயினும் இந்தச் சிறிய அறைக்குள்ளும் பேசாத பேச்சு ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்கு எதிரே ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் அமர்ந்திருக்கும் அன்பர் சற்று முன்பு கையை உயர்த்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பேசத் தொடங்கினேன். நேரம் முடியப் போகிறது என்பதையும் அவர் விரலால்தான் காட்டுவார். அவர் வாய் திறந்து சொன்னால் கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேளாது. ஆகவே எங்கள் இருவருக்குள் கையே வாயாக இருக்கிறது.

சொல்லின்றிக் கருத்தை உணர்த்தும் இந்த வழக்கத்தைப் பற்றியே இன்று சில கருத்துகளை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் சில ஆண்டுகள் தொழுநோய்த் தடுப்புப் பணியாளனாக இருந்தவன் நான். நூல்களில் படித்ததைக் காட்டிலும் அங்கே கண்டதே இப்பொருளைப் பற்றி எனக்கு மிகுதியாகக் கற்பித்தது. அங்கே ஒரு தலையசைப்பை நான் தவறாகப் படித்தேன். அதனால் ஒருவர் இழந்ததைத் திருப்பித் தர என்னால் இயலவில்லை. அதை உரிய இடத்தில் சொல்வேன்.

நம் முன்னோர் இத்துறையை நன்கு ஆராய்ந்தவர்கள். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடம்பின் வழியே வெளிப்பட்டுப் பிறருக்குப் புலனாவதையே மெய்ப்பாடு என்றனர். நகை, அழுகை முதலாக உவகை ஈறாக அவற்றை எட்டு என வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களில் பிறக்கும் என்றும் கணக்கிட்டனர்.

திருவள்ளுவரோ 'குறிப்பறிதல்' என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வகுத்திருக்கிறார். ஒன்று காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். காதலர் ஒருவர் மற்றவர் கண்ணைப் படிப்பது அது. மற்றொன்று பொருட்பாலில் 71ஆம் அதிகாரம். அது அமைந்திருக்கும் இடத்தை நோக்குங்கள். மன்னரைச் சேர்ந்து ஒழுகும் முறைக்கும், அவையை அறியும் முறைக்கும் இடையே அது நிற்கிறது. அரசனிடம் பணி புரிபவன் அவன் முகத்தைப் பார்த்தே மனத்தை அறிய வேண்டும் என்பது அதன் பயன். இல்லத்துக்கு ஒன்று, அலுவலுக்கு ஒன்று என இரண்டு இடத்திலும் குறிப்பறிதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மேலே இருப்பவர் குறிப்பைக் கீழே இருப்பவர் அறிவதில் நம் நாட்டார் வல்லவர்கள். எசமானர் இருமினால் எதற்காக இருமினார் என்று வேலையாளுக்குத் தெரியும். மேலதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எழுத்தர்கள் எழுந்துகொள்வார்கள். ஆனால் கீழே நிற்பவர் குறிப்பை மேலே அமர்ந்திருப்பவர் அறிவது எப்படி? அதற்கு நம்மில் எத்தனை பேர் பயிற்சி பெற்றிருக்கிறோம்? இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியதே.

முதலில், கை எவ்வாறு பேசுகிறது என்பதைப் பார்ப்போம்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து மரச்சிற்பம் பெயர் பெற்றது. 2021ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் தேக்கிலும் வாகையிலும் தெய்வ உருவங்களைச் செதுக்கும் தச்சர்கள் இருக்கிறார்கள். பட்டறை ஒன்றில் ஒரு முறை நெடுநேரம் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைக் காட்டிலும் கையைச் செதுக்கவே அவர் மிகுதியாக நேரம் எடுத்துக்கொண்டார். காரணம் கேட்டேன். "முகம் எல்லாச் சாமிக்கும் சிரிக்கும் ஐயா, கைதான் இன்ன சாமி என்று சொல்லும்" என்றார்.

உண்மை அதுதான். உள்ளங்கை நம்மை நோக்கி, விரல்கள் மேல்நோக்கி நின்றால் அது அபய முத்திரை. அஞ்சாதே என்பது பொருள். அதே உள்ளங்கை, விரல்கள் கீழ்நோக்கி நின்றால் வரத முத்திரை. வேண்டியதைத் தருகிறேன் என்பது பொருள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் நுனியில் கூடினால் சின்முத்திரை. வாயிற்காவலரான துவாரபாலகர் சுட்டுவிரலை நிமிர்த்தி எச்சரிக்கை செய்வர். மரத்துக்கு வாய் இல்லை. ஆயினும் எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தக் கையைப் பார்த்து, தெய்வம் என்ன சொல்கிறது என்று அறிந்துகொள்கிறார்.

எவ்வாறு அறிகிறார்? அவரும் சிற்பியும் ஒரே இலக்கணத்தைக் கற்றவர்கள். அவருடைய தாய் கோயிலில் அந்தக் கையைச் சுட்டிக்காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்த இலக்கணம் அறியாத வேற்று நாட்டார் ஒருவர் அபய முத்திரையைக் கண்டால், "அங்கேயே நில்" என்று தடுப்பதாகக்கூட எண்ணக்கூடும். ஆகவே கைமொழியும் ஒரு மொழியே. அதையும் கற்றுத்தான் அறிய வேண்டும். தானாக எல்லார்க்கும் விளங்குவதன்று.

பட்டறையிலிருந்து சந்தைக்கு வருவோம். மாட்டுச் சந்தைகளிலும் ஆட்டுச் சந்தைகளிலும் தரகர் விலை பேசும் முறையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தரகரும் விற்பவரும் எதிரெதிரே நிற்பார்கள். இருவர் வலக்கைகளின் மேலும் ஒரு துண்டு விழும். துண்டுக்குள் விரல்கள் பேசும். தரகர் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டைப் பிடித்தால் இரண்டு. கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. நூறா, ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். உடன்பாடு இல்லையென்றால் விற்பவர் கையை உதறுவார். மறுபடியும் துண்டு விழும். சுற்றிலும் இருபது பேர் நின்று பார்த்தாலும் விலை இன்னதென்று ஒருவருக்கும் தெரியாது. விற்பவருக்கு அதில் ஒரு பாதுகாப்பு உண்டு: குறைந்த விலைக்குக் கேட்டார்கள் என்ற இழிவு வெளியே தெரிவதில்லை. தரகருக்கும் ஓர் ஆதாயம் உண்டு: வாங்குபவர் சொன்ன விலை விற்பவருக்குத் தெரிவதில்லை. இன்று கைத்தொலைபேசியும் வெளிப்படையான விலையும் வந்த பின்னும், இந்த வழக்கம் சில சந்தைகளில் முற்றும் மறையவில்லை.

கை கொடுத்தபின் மாறாத வணிகம் தென்னாட்டில் பழமையானது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கப்பற்படையோடு கள்ளிக்கோட்டைக்கு வந்த மா ஹுவான் என்பவர் தம் குறிப்புகளில் இதை எழுதிவைத்திருக்கிறார். விலை முடிந்ததும் இருதரப்பாரும் தரகரும் கை சேர்த்துக்கொள்வர் என்றும், பின்னர் விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பேச்சு மாறாது என்றும் அவர் வியந்து குறித்தார். எழுத்தில்லை, முத்திரை இல்லை, கையே பத்திரம்.

சிற்பியின் கையும் தரகரின் கையும் பொய் சொல்வதில்லை. ஏனென்றால் இரு பக்கத்தாரும் இலக்கணம் அறிந்தவர்கள். இரு பக்கத்தாரும் ஏறக்குறைய சமமானவர்கள். விற்பவர் விருப்பமில்லையென்றால் கையை உதறிவிடலாம். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, தலையின் மொழிக்கு வருவோம். ஆம் என்பதற்குத் தலையை மேலும் கீழும் அசைப்பதும், இல்லை என்பதற்குப் பக்கவாட்டில் திருப்புவதும் உலகெங்கும் பொதுவா? இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். 1867இல் அவர் 16 கேள்விகளை அச்சிட்டு, பல நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயருக்கும் பாதிரிமாருக்கும் அனுப்பினார். வியப்பில் கண்கள் அகலுகின்றனவா, நாணத்தில் முகம் சிவக்கிறதா என்பன போன்ற கேள்விகள் அவை. கடைசிக் கேள்வி தலையசைப்பைப் பற்றியது. அவருக்கு 36 விடைகள் வந்தன. அவற்றைக் கொண்டு மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் முறை பற்றி 1872இல் ஒரு நூல் வெளியிட்டார். முகத்தில் தோன்றும் முதன்மையான உணர்ச்சிகள் பெரும்பாலும் மனித இனத்துக்குப் பொதுவானவை என்று அவர் முடிவு செய்தார். ஆனால் தலையசைப்பில் அத்தகைய ஒருமைப்பாடு இல்லை என்பதையும் கண்டார். பல்கேரிய நாட்டில் நாம் ஆம் என்று அசைப்பது அவர்களுக்கு இல்லை என்று ஆகும்.

நம் வழக்கமோ இன்னும் நுட்பமானது. தமிழர் தலையை இரு தோள்களின் பக்கமும் மெல்லச் சாய்த்து ஆட்டுவர். அது சரி என்று ஆகலாம். தெரிகிறது என்று ஆகலாம். போய் வாருங்கள் என்றும் ஆகலாம். கதை கேட்கும் குழந்தை உம் கொட்டுகிறதே, அதன் பொருள் என்ன? கதையை ஏற்றுக்கொண்டேன் என்பதா? இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்பதே பொருள். நம்முடைய தலையாட்டல்களில் ஒரு பாதி வாயால் அன்றித் தலையால் கொட்டும் உம் ஆகும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சுட்டிக்காட்ட வேண்டும். ஒருவர் உணர்த்துவதில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று ஒரு கணக்கு மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்னும் உளவியலார் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறு ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் சொல்லவைத்தும், முகப் படங்களைக் காட்டியும், பேசுபவர் விருப்போடு பேசுகிறாரா வெறுப்போடு பேசுகிறாரா என்று கேட்டறிந்த சோதனைகள் அவை. பேச்சு முழுவதற்கும் இக்கணக்கு பொருந்தாது என்பதை அவரே பின்னர் தெளிவுபடுத்தினார். அந்தக் கணக்கு உண்மையானால், கை முகம் இல்லாத வானொலிப் பேச்சில் பாதிக்கு மேல் வீணாக வேண்டும் அன்றோ? சொல்லுக்கு உரிய இடம் சொல்லுக்கு உண்டு. குறிப்பு சொல்லைத் துணை செய்யும். சில வேளைகளில் சொல்லை மறுக்கும். ஆனால் சொல்லின் இடத்தில் தானே உட்கார்ந்துகொள்ளாது.

குறிப்புகளில் இன்னொரு வகையும் உண்டு. அவை ஒருவர் தாமாக விரும்பிச் செய்வன அல்ல. செய்யும்படி சமுதாயம் கட்டாயப்படுத்தியவை. நம் நாட்டில் தோளில் கிடக்கும் துண்டு வெறும் துணியாக இருந்ததில்லை. ஊர்ப் பெரியவர் எதிரே வந்தால் தாழ்த்தப்பட்ட மக்கள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கவோ இடுப்பில் கட்டவோ வேண்டும். வாயைக் கையால் பொத்திப் பேச வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும் என்றிருந்த கொடுமையை நம் முந்தைய தலைமுறையினர் கண்டனர். தோளில் துண்டு அணிவதே ஓர் உரிமைக் குரலாக ஒலித்த காலம் அது. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கமும், அதற்கு முன்னும் பின்னும் உழைத்த பலரும் இந்த இழிவை எதிர்த்தனர். சட்டம் மாறிவிட்டது. ஆனால் உடம்பு சட்டத்தைக் காட்டிலும் மெதுவாகவே மாறுகிறது. அலுவலகத்தின் மேசைக்கு முன்னால் மனுவோடு நிற்கும் ஏழையின் முதுகில் அந்தப் பழைய வளைவு இன்னும் முற்றிலும் நிமிரவில்லை. அப்படி நிற்பவர் தலையசைத்தால் அதை உடன்பாடு என்று கொள்ளலாமா?

இனி, நான் முதலில் குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

1994ஆம் ஆண்டு. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019இல்தான் தனி மாவட்டமாயிற்று. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து மலையேறினால் வெள்ளிமலை வரும். அங்கிருந்து சிற்றூர்களுக்கு நடந்து போக வேண்டும். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்தாரைக் குறிக்கும் பெயர் அன்று அது. மலையை ஆள்பவர் என்பது பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுச் செய்தி. சாமை, கேழ்வரகு, மரவள்ளி பயிரிடுவார்கள். ஆடு மாடு வளர்ப்பார்கள். அவற்றை விற்கக் கீழ்நாட்டுச் சந்தைக்கு இறங்கி வருவார்கள்.

தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. மாதத்தின் முதல் வேளை மருந்தைப் பணியாளர் முன்னிலையில் விழுங்க வேண்டும். மீதி 27 நாளுக்கு உரிய மாத்திரைகள் ஓர் அட்டையில் வரிசையாக இருக்கும். அவற்றை வீட்டில் நாள்தோறும் உண்ண வேண்டும். கடுமையான வகைக்கு அந்நாளில் இரண்டாண்டுச் சிகிச்சை. அம்மருந்துகளில் ஒன்று மேனியின் நிறத்தைக் கருஞ்சிவப்பாக மாற்றும். மருந்து முடிந்தபின் அந்நிறம் மெல்ல மறைந்துவிடும்.

ஒரு சிற்றூரில் ஒரு பெரியவர் என் பட்டியலில் இருந்தார். மாதம் தவறாமல் அவர் வீட்டுக்குச் சென்றேன். நான் சென்றதும் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போடுவார்கள். நான் அமர்வேன், அவர் நிற்பார். முதல் வேளையை என் முன் விழுங்குவார். "போன மாதத்து மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டீர்களா பெரியவரே?" என்று கேட்பேன். தலையை மெல்ல ஆட்டுவார். "சாப்பிடும் முறை புரிகிறதா?" என்பேன். மறுபடியும் தலையாட்டுவார். நான் பதிவேட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். ஆறு மாதம் இவ்வாறு சென்றது.

ஏழாம் மாதம் அவர் இடக்கையைப் பார்த்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கத் தொடங்கியிருந்தன. மருந்து ஒழுங்காக உண்பவருக்கும் சில வேளைகளில் நரம்பு பாதிக்கப்படலாம். ஆனால் அவர் மேனியும் மாற வேண்டிய அளவுக்கு நிறம் மாறவில்லை. அதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். அவர் உடம்பு ஆறு மாதமாக எனக்கு ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அவர் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழக்கம்போலவே கேட்டேன். வழக்கம்போலவே தலையாட்டினார். அப்போது வாயிற்படியில் நின்ற அவருடைய பேத்தி, ஐந்து வயதிருக்கும், கூரையின் எரவாணத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டாள். அவருடைய மனைவி அவளைப் பின்னுக்கு இழுத்தார். நான் எழுந்து எரவாணத்தில் கைவிட்டேன். ஆறு அட்டைகள். மாத்திரைகள் உடைக்கப்படாமல் வரிசையாக இருந்தன.

சினம் கொண்டு சில சொற்களைச் சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்து நின்றார். சிறிது நேரத்தில் எனக்கே நாணம் உண்டாயிற்று. கட்டிலை விட்டு எழுந்து திண்ணையில் அமர்ந்தேன். அவரையும் என் அருகே அமரச் சொன்னேன். முதலில் தயங்கினார், பிறகு அமர்ந்தார். அவர் வலக்கையை என் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் மெல்லத் தொட்டேன். தொட்ட இடத்தை அவர் மற்றக் கையால் காட்ட வேண்டும். உணர்ச்சியை அறியும் சோதனை அது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் வரை சரியாகக் காட்டினார். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் தொட்டபோது, கண்ணை மூடியபடி காத்துக்கொண்டே இருந்தார்.

அவ்வாறு இருவரும் அமர்ந்திருந்தபோதுதான் அவர் பேசினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சந்தைக்கு ஒரு மாட்டை ஓட்டிச் சென்றாராம். துண்டுக்குள் தரகர் கை கொடுத்தார். அவர் பிடித்தது மூன்று விரலா, நான்கா என்று பெரியவருக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கக் கூச்சம். குறைந்த விலைக்கு மாட்டைக் கொடுத்துவிட்டு மலையேறி வந்தார். தம் கையில் ஏதோ ஒரு கேடு இருக்கிறது என்பது அவருக்கு முதன்முதல் தெரிந்தது அன்றுதான்.

"பின்னே ஏன் மருந்தை உண்ணவில்லை?" என்று கேட்டேன்.

பக்கத்து ஊரில் ஒருவர் அதே மாத்திரையை உண்டு மேனி கறுத்துப்போனதை இவர் பார்த்திருக்கிறார். ஊரெல்லாம் அவருக்கு இன்ன நோய் என்று தெரிந்துவிட்டது. "என் மேலும் கறுத்துட்டா சந்தையிலே எவன் சாமி எனக்குக் கை கொடுப்பான்?" என்றார்.

"இதை முன்பே என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்கலையே சாமி. சாப்பிட்டியான்னுதான் கேட்டீங்க."

அன்பர்களே, அவர் சொன்னது முற்றிலும் உண்மை. தலையாட்டல் ஒன்றே விடையாக வரக்கூடிய கேள்வியைத்தான் நான் கேட்டேன். அரசாங்கத்திலிருந்து வந்து கட்டிலில் அமர்ந்திருக்கும் ஒருவனிடம், நின்றுகொண்டிருக்கும் ஒருவர் இல்லை என்று எப்படிச் சொல்வார்? சந்தையிலாவது பிடிக்காவிட்டால் கையை உதறலாம். என் முன்னால் அவர் எதை உதறுவார்? அவர் தலையாட்டியது மருந்துக்கு உடன்பட்டு அன்று. எனக்கு மரியாதை செய்தார், நான் விரைவில் எழுந்து போக வழி செய்தார், அவ்வளவே. பூம்பூம் மாட்டை வைத்துக்கொண்டு வருபவன் எதைக் கேட்டாலும் மாடு தலையாட்டும். மாடு அவ்வாறு பழக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்து நாம் சிரிக்கிறோம். மனிதரும் அவ்வாறு பழக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை அறியாமல் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம்.

அன்று முதல் மூன்று வழக்கங்களை மேற்கொண்டேன். பிறருக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

முதலாவது, உட்காரும் இடம். எவரிடம் உண்மையை அறிய வேண்டுமோ அவருடைய கண்ணும் நம் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். திண்ணையில் அருகருகே அமர்ந்தவர் பேசுவதை, கட்டிலின் முன் நிற்பவர் பேசமாட்டார்.

இரண்டாவது, கேள்வி. "புரிந்ததா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "நாளைக் காலையில் எந்த மாத்திரையை உடைப்பீர்கள், காட்டுங்கள்" என்று அட்டையைக் கையில் கொடுக்கத் தொடங்கினேன். தலை சொல்லாததை விரல் சொல்லிவிடும். விரல் தவறான இடத்துக்குப் போனால், நான் சரியாகச் சொல்லவில்லை என்பது பொருள். இன்று மருத்துவப் பணியாளர் பலருக்கு இந்த முறை பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் வங்கி எழுத்தருக்கும், படிவம் நிரப்பச் சொல்லும் வருவாய்த் துறையினருக்கும், கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கும் இது ஏற்றது. எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டினால் பாடம் விளங்கிவிட்டது என்று பொருள் இல்லை; மணி அடிக்கும் நேரம் ஆகிவிட்டது என்றும் பொருள் இருக்கலாம்.

மூன்றாவது, குறிப்பைக் கண்டால் அதையே விடையாகக் கொள்ளாமல் கேள்வியாகக் கொள்வது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நல்ல பழமொழி. ஆனால் பிறர் முகத்தில் நாம் பல வேளைகளில் நம் அகத்தையே காண்கிறோம். கண்ணை நேராகப் பார்க்காதவர் பொய்யர் என்று ஓர் ஊரில் சொல்வர். கண்ணைத் தாழ்த்துவதே பணிவு என்று மற்றோர் ஊரில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பர். கையைக் கட்டி நிற்பவர் வெறுப்போடு நிற்கிறார் என்று ஒரு மேனாட்டு நூல் சொல்லலாம். நம் பள்ளியில் கையைக் கட்டுவதே ஒழுக்கம். ஆகவே ஒரு குறிப்பு கண்ணில் பட்டால், "உங்களுக்கு இதில் ஏதோ தயக்கம் இருப்பதுபோல் தோன்றுகிறதே, உண்டா?" என்று வாயால் கேட்பதுதான் முறை. அந்தக் குழந்தை எரவாணத்தைப் பார்த்தது ஒரு குறிப்பு. அந்தப் பெரியவரின் காரணத்தை எனக்குச் சொன்னதோ அவருடைய சொல்லே.

வீட்டிலும் இதுவே நியாயம். மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்ற பழமொழியைச் சொல்லி எத்தனை திருமணங்களை முடித்திருக்கிறோம்! பெண் தலை குனிந்தாள். அவளுக்குச் சம்மதம் என்று பெரியோர் தட்டை மாற்றிக்கொண்டனர். அவள் நாணத்தால் குனிந்தாளா, அச்சத்தால் குனிந்தாளா, அழுகையை மறைக்கக் குனிந்தாளா? மெய்ப்பாட்டை எட்டாக வகுத்த மரபினராகிய நாம், குனிந்த தலை எல்லாவற்றையும் ஒன்றாகவே எண்ணிவிடலாமா?

பெரியவரின் கதையை முடித்துவிடுகிறேன். அவர் மறுபடியும் மருந்தைத் தொடங்கி இரண்டு ஆண்டுகளும் முடித்தார். நிறம் மாறும், பின்பு மறையும் என்பதை ஊர் மக்களுக்கும் சொன்னோம். மருந்து உண்ணத் தொடங்கியவரிடமிருந்து நோய் பரவாது என்பதையும் சொன்னோம். சொல்லைக் காட்டிலும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்ததையே ஊரார் மிகுதியாக நம்பினார்கள் என்று நினைக்கிறேன். நோய் நீங்கியது. மடங்கிய இரண்டு விரல்கள் மட்டும் நிமிரவில்லை, உணர்ச்சியும் திரும்பவில்லை. நான் கட்டிலில் அமர்ந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த ஆறு மாதங்களுக்கு அதில் பங்கு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

கடைசி முறை அவரைப் பார்க்கப் போனபோது அவர் என்னைச் சாமி என்று அழைக்கவில்லை. "வா தம்பி" என்று சொல்லித் திண்ணையில் இடம் ஒதுக்கினார். மாடு விற்கும் வேலையை மகனிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார். துண்டுக்குள் கை கொடுப்பது எப்படி என்பதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தாராம். "புரிஞ்சுதான்னு கேட்கலே தம்பி, பிடிச்சுக் காட்டுடான்னு சொன்னேன்" என்று சிரித்தார்.

அன்பர்களே, இந்தியாவில் தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற அளவிலிருந்து 2005ஆம் ஆண்டின் இறுதியில் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் கண்டறியப்படுகிறார்கள். உணர்ச்சியற்ற தேமலோ, மரத்த விரலோ உள்ளவர் எவராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், மருந்து இலவசம். அவர் வேண்டாம் என்று தலையசைத்தால், அவர் அருகே அமர்ந்து காரணத்தைக் கேளுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் அன்பர் விரலை உயர்த்திவிட்டார். அவர் குறிப்பின் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும்.